வாசனைத் தைலங்களைக் கைவைத்தியத்தில் உபயோகிப்பதிலுள்ள அபாயங்கள்

இராமநாதபுரம் ஜில்லாவின் கடற்கரைப் பிரதேசத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொண்டதும் குழந்தைகளுக்குச் சளியும் இருமலும் காண்பது வழக்கம். அக்காலத்தில் உச்சிப்புளி முதல் பாம்பன், தங்கச்சிமடம் வரையிலுள்ள கிராமங்களில் நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பதும், கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து சாறு கொடுப்பதும் நெடுநாளாக நடந்துவருகின்றன. இப்பொழுதோ அவ்விலைகளிருந்த இடத்தில் சிறு புட்டிகள் வந்து அமர்ந்துகொண்டன. உதகமண்டலம் சென்று திரும்புவோர் வாங்கிவரும் யூகலிப்டஸ் தைலம், மூட்டுவலிக்கென்று வைத்திருக்கும் விண்டர்கிரீன் தைலம், பல்வலிக்குக் கிராம்புத் தைலம் ஆகிய இவற்றில் ஒன்றேனும் மாடத்தில் இல்லாத வீடு அரிது. இலையிலுள்ளதுதானே தைலத்திலும் உள்ளது, இலை கெடுதி செய்யாதபோது தைலம் என்ன செய்துவிடும் என்று அநேகர் கருதுகின்றனர். இக்கருத்தினாலேயே குழந்தைகளுக்குப் பிராணாபாயம் நேருகிறது.

வாலையில் தைலம் வடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். தழையை அடைத்த பாத்திரத்தினுள் நீராவியைச் செலுத்த, தழையிலுள்ள வாசனைப் பொருள் நீராவியோடு கூட எழும்பிக் குளிர்ந்த குழாயில் நீராய் இறங்குகிறது. அந்நீரின்மேல் மிதப்பதே தைலம். எலுமிச்சம்புல் நூறு கிலோ வடித்தால் கிடைக்கும் தைலம் கால் கிலோவுக்கும் அரைக் கிலோவுக்கும் இடைப்பட்டதே. கணக்குப் பார்த்தால், ஒரு தேக்கரண்டித் தைலத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ முதல் இரண்டு கிலோ வரையுள்ள புல்லின் சாரம் அடங்கியிருக்கிறது. இரண்டு மூன்று இதழ் புல்லைப் போட்டுக் கஷாயம் வைத்துக் குடிப்பவர், இரண்டு கிலோ புல்லைத் தின்னத் துணியமாட்டார். தைலத்தைக் குடிப்பவரோ அறியாமலே அதைச் செய்துவிடுகிறார்.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய் முதலியவை வேறு இனம். அவை ஆகாரம்; இவை ஆகாரமல்ல. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனையுண்டு. வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு ஆறப்போட்டால், வாசனைத் தைலம் பெரும்பாலும் பறந்துபோய்க் கறை நில்லாது. செக்கெண்ணெயின் கறை அப்படியே தங்கும். விலை மிகுந்த தைலங்களில் மலிவான எண்ணெய் கலந்திருப்பதையும் இச்சோதனை ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

இராமேசுவரம் யாத்திரை ஸ்தலமாதலின் அவ்வட்டாரத்தில் கற்பூரத்துக்குக் குறைவில்லை. ஆகவே கற்பூரத்தைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. கடைகளில் ஆராதனைக்கென்று விற்கும் கட்டிக் கற்பூரம் பெரும்பாலும் தேவதாரு இனத்து மரப்பிசினிலிருந்து வடிக்கும் கர்ப்பூரத்தைலத்தை, அதாவது டர்ப்பன்டைனைக் கொண்டு தொழிற்சாலையிற் செய்யப்படுவது. அது உட்கொள்வதற்குரியதன்று. பார்வைக்குக் கற்கண்டைப்போலிருப்பதால் தவழும் குழந்தை எடுத்து வாயிலிட்டுக்கொள்ளுகிறது. ஒரு வயதுக் குழந்தையைக் கொல்ல ஒரு கிராம் கற்பூரம் போதுமென்று வைத்திய நூல்கள் கூறுகின்றன. உட்சென்ற சில நிமிஷங்களிலேயே, யாதொரு முன்னறிவிப்புமின்றி, வலிப்புக் காணக்கூடும். பச்சைக் கற்பூரம் பட்சணங்களில் மிகச் சிறிதளவு சேர்வதால் எவ்வளவும் சேர்க்கலாமென்று எண்ணுவதும் பிழை.

கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிக் குழந்தையின் மார்பிலும் முதுகிலும் தேய்ப்பது தாய்மார் பலருடைய பழக்கம். சிசுவின் தோல் மெல்லியது. மேலே தடவிய கற்பூரம் உள்ளே இறங்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதை அடியோடு விட்டுவிடுதல் நலம். அமெரிக்காவில் பருத்திவிதையெண்ணெயில் நூற்றுக்கு இருபது பாகம் கற்பூரம் கரைத்த எண்ணெய் ஒருகாலத்தில் எங்கும் விற்றது. அதை விளக்கெண்ணெயென்று தவறாக நினைத்துக் குடிக்கக் கொடுத்து விபத்துக்கள் பல நேர்ந்தபடியால், 1982-ம் வருஷத்தில் அவ்வரசாங்கத்தார் அதன் விற்பனையை நிறுத்தினர். நம் வீடுகளிலும் விளக்கெண்ணெய்ப் புட்டியும் கற்பூர எண்ணெய்ப் புட்டியும் ஒரே மாடத்தில்தான் இருக்கின்றன.

யூகலிப்டஸ் மரம் 1843-ல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் தைலத்தைத் தமிழ்நாட்டில் அறியாதாரில்லை. வெந்நீரில் சில சொட்டு விட்டு வயது வந்தவர்கள் ஆவி பிடிப்பதில் பெரும்பாலும் தீங்கில்லை. அதே தைலம் ஒரு தேக்கரண்டியளவு குழந்தையின் வயிற்றிற் சென்றாலோ மயக்கமும், மூச்சுத் தடையும், சிலபோது வலிப்பும் உண்டாகின்றன. மேலும், கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகளும் உண்டு; போர்வைக்குள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடிப்பது எவ்விதத்திலும் கூடாது. மூக்குத் துவாரத்தருகில் புதினா உப்பு சேர்ந்த களிம்பைத் தடவுவதால் சிசுக்களுக்கு மூச்சு அடைத்துப்போவதும் உண்டு.

வலிப்பு நோயுள்ளவர்கள் இவ்விஷயத்தில் விசேஷமாக எச்சரிக்கையாயிருக்கவேண்டும். தென்னிந்தியாவில் நான்கு ஆஸ்பத்திரிகளில் நான்கு வருஷகாலம் நடந்து 2021-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வலிப்புக்காக வந்த 350 பேரில் 55 பேருக்கு வாசனைத் தைலங்களின் தொடர்பு காணப்பட்டது. யூகலிப்டஸும் கற்பூரமுமே முக்கியமானவை. குடித்தவர்கள் மாத்திரமல்ல, தடவியவர்களும் முகர்ந்தவர்களும் அவர்களில் இருந்தனர். ஒழுங்காக மருந்துண்டு வலிப்பு நின்றிருந்தவருக்கு அது திடீரென்று திரும்பினால், தலைவலிக்கென்று தினமும் எதைத் தேய்த்துக்கொள்ளுகிறார் என்று வீட்டார் கவனிப்பது நன்று.

வலை இழுத்துத் தோளும் இடுப்பும் நொந்த மீனவர்கள் விண்டர்கிரீன் தைலத்தைப் பூசிக்கொள்ளுகின்றனர். பூசுவதில் சுகமுண்டு. ஆனால் அத்தைலம் ஒரு தேக்கரண்டியில் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேற்பட்டதற்குச் சமமான மருந்து இருக்கிறது. அவ்வளவு உட்சென்றால் ஒரு சிறு குழந்தை பிழைப்பது அரிது. வாசனைத் தைலங்களுள் இதைப்போல் கொடியது வேறொன்றைச் சொல்வது கடினம். இரத்தம் இளகுவதற்கு மருந்துண்பவர்கள் இதை மேலுக்குப் பூசுமுன்னும் டாக்டரைக் கேட்கவேண்டும். கிராம்புத் தைலமும் குழந்தைகளின் வயிற்றிற் சென்றால் ஈரலைக் கெடுக்கும். கர்ப்பிணிகள் எத்தைலத்தையும் உட்கொள்ளலாகாது.

வேப்பெண்ணெய் வாலையில் வடித்ததன்று, செக்கில் ஆட்டியது. ஆயினும் அதை இங்கே சேர்க்காமல் விடமுடியாது. மிளகாய்ப் பயிரில் பூச்சிக்குத் தெளிப்பதற்காக இந்த ஜில்லாவில் குடியானவர்கள் வீட்டில் வேப்பெண்ணெய் வைத்திருக்கின்றனர். அதையே எடுத்து, வயிற்றுப் பூச்சிக்கென்றும் சளிக்கென்றும் சங்கில் குழந்தைக்குப் புகட்டும் பழக்கமும் சில குடும்பங்களில் இருக்கிறது. மலேசியாவில் இவ்வாறு வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட 13 சிசுக்களைப்பற்றி 1981-ல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் டாக்டர்கள் எழுதினர். சில மணி நேரத்துள் வாந்தியும், தூக்கமயக்கமும், மூளைக்கோளாறும் கண்டன. கொடுத்தவர்கள் குழந்தைக்கு நன்மை செய்வதாகவே நினைத்துக் கொடுத்தனர். பயிருக்கு நல்லதாயிருப்பது பாலகனுக்கும் நல்லதென்பது நியாயமன்று.

குழந்தை இவற்றில் எதையேனும் குடித்துவிட்டதாகத் தெரிந்தால், உப்புநீர், புளிக்கரைசல், முட்டை முதலியன கொடுத்து வாந்தி வருவிக்க முயலலாகாது. வாந்தியோடு தைலம் நுரையீரலுள் இறங்கினால் சுவாசப்பை வெந்து, விஷத்தினும் பெரிய கேடு விளையும். பால் கொடுப்பதும் பயனற்றது. வலிப்பு வந்திருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் ஒன்றையும் திணிக்காமல், உடனே 108 வண்டியை அழைக்கவேண்டும். வலிப்பு வரவில்லையென்று காத்திருப்பதும் தவறு. புட்டியையும் கூடவே கொண்டுபோதல் அவசியம். எந்தத் தைலம், எவ்வளவு மீதியிருக்கிறது என்பது டாக்டருக்குப் பெரும் உதவி. தீவிலிருந்து ஜில்லாவின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகலாமாதலின், வழியிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் முதலில் காட்டிவிட்டுச் செல்வதே உசிதம். கண்ணில் தெறித்தால் சுத்த ஜலத்தால் கால் மணி நேரம் கழுவவேண்டும். தோலில் எரிச்சல் கண்டால் சோப்பிட்டுக் கழுவிவிடலாம்.

கால்நடைகளுக்கும் இத்தைலங்கள் வழங்கிவருகின்றன. மாட்டுக்கு வயிற்றுப் பொருமல் கண்டபோது கர்ப்பூரத்தைலத்தைக் கடலையெண்ணெயில் கலந்து புகட்டுவது பழைய முறை. அளவு தெரிந்து கலப்பதைவிட, புகட்டும் விதமே முக்கியம். தலையை அதிகம் உயர்த்தி மூங்கிற் குழாயால் அவசரமாக ஊற்றினால் மருந்து சுவாசக்குழலில் இறங்கி, பொருமல் தீர்ந்தும் மாடு இறந்துபோகும். பாலிலும் அத்தைலத்தின் நாற்றம் ஏறும். கால்நடை டாக்டர் கிட்டாத அவசரத்துக்கன்றி இதைக் கையாளவேண்டுவதில்லை.

எலுமிச்சம்புல், வெட்டிவேர் முதலியவற்றைப் பயிரிட்டுச் சொந்தமாக வாலை வைக்க விரும்பும் நிலச்சுவான்தார்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தைலத்தை வாசனைச் சரக்காக வியாபாரிகளுக்கு விற்பது வேறு. இன்ன நோய் தீருமென்று சீட்டு ஒட்டி மருந்தாக விற்பது வேறு. பின்னதற்கு 1940-ம் வருஷத்து மருந்துகள் சட்டப்படி லைசென்சு வேண்டும். சந்தையில் பெயரில்லாத புட்டிகளில் தைலம் விற்கப்படுமானால், கிராம உத்தியோகஸ்தர்கள் அதைச் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்கலாம்.

வீட்டில் வைத்திருக்கும் தைலங்களைச் சோடாக் கலர் புட்டிகளில் ஒருபோதும் ஊற்றிவைக்கலாகாது. நிறமுள்ள கண்ணாடிப் புட்டியில், இறுக மூடி, “மேலுக்கு மாத்திரம்” என்று எழுதி ஒட்டி, பூட்டுள்ள பெட்டியில் வைக்கவேண்டும். தெளிப்புக்கான வேப்பெண்ணெயை வீட்டுக்குள் கொண்டுவராமல், உரமும் பூச்சிமருந்தும் இருக்கும் கொட்டகையிலேயே வைப்பது நல்லது.