கூரை ஒன்று, கணக்கு மட்டும் பலவா?

ஏற்காடு சாலையில் போய் வருகிற தோழர்களுக்கு அந்த வளைவு தெரியும். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு! 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய படநிறுவனம் அது. 1956-இல் 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' படத்தை வண்ணத்தில் எடுத்து, தமிழகத்தையே சேலத்தின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்த இடம். சுந்தரம் 1963-இல் மறைந்தார். அதன் பிறகு சில காலம் ஓடிற்று, பிறகு நின்றுவிட்டது. இன்று வளைவு இருக்கிறது, நிலையம் இல்லை. 2023-இல் அந்த வளைவு நிற்கும் மண் யாருக்குச் சொந்தம் என்று ஏடுகளிலே பெரிய வாதம் நடந்தது. நடக்கட்டும், நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்த வளைவுக்குள்ளே மரம் இழைத்தவன், சாயம் பூசியவன், விளக்குத் தூக்கியவன் எங்கே போனான் என்று ஒருவராவது வாதாடியதுண்டா?

கட்டடம் சாய்ந்தால் கட்டடத்துக்காகக் கண்ணீர் வடிக்க ஆள் உண்டு. அதற்குள்ளே கால்கடுக்க நின்றவனுக்கு ஆள் இல்லை. சென்னையிலே ஒரு பெரிய அங்காடி மாளிகை இன்று மூப்படைந்து கிடப்பதைப் பார்க்கும்போது இந்த எண்ணந்தான் நமக்கு எழுகிறது.

ஸ்பென்சர் பிளாசாவைச் சொல்கிறோம். பழைய மவுண்ட் ரோட்டில், இன்றைய அண்ணா சாலையில், கன்னிமரா ஓட்டலுக்கு அண்டையில் நிற்கும் அந்த மாளிகையின் பெயர் நேற்று முளைத்ததல்ல. 1863-இல் வெள்ளைக்காரர் தொடங்கிய வணிகம் ஸ்பென்சர். துரைமார்களும் துரைசானிமார்களும் சீமைச் சரக்கு வாங்கிய கடை. நம்மவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த கடை என்றும் சொல்லலாம்! 1983-இல் அந்தப் பழைய கட்டடம் தீக்கு இரையாயிற்று. 1990-களின் தொடக்கத்தில் அதே இடத்தில் புதிய மாளிகை எழுந்தது. இந்தியாவின் முதல் 'மால்'களில் ஒன்று என்று அதைப் புகழ்ந்தார்கள். குளிர்சாதனக் காற்று, நகரும் படிக்கட்டு, கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும் பொருள்! நம் பக்கத்துக்காரர் ஏற்காடு எக்ஸ்பிரசில் ஏறிச் சென்னைக்குப் போனால், கடற்கரையையும் ஸ்பென்சரையும் பார்க்காமல் திரும்பியதில்லை. வாங்கினாரோ இல்லையோ, நகரும் படிக்கட்டில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு வந்து ஊரிலே அதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

இன்று? பூட்டிய ஷட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. கூட்டம் நெரிந்த தாழ்வாரங்களில் நடப்பவர் குறைவு. விற்கிறவர் எண்ணிக்கை வாங்குகிறவர் எண்ணிக்கையை மிஞ்சும் மூலைகள் உண்டு.

ஏன் இப்படி ஆயிற்று? 'காலம் மாறிவிட்டது' என்று கனவான்கள் கை விரிப்பார்கள். காலத்தின் தலையில் பழியைப் போடுவது எளிது. காலம் வந்து மறுத்துப் பேசாதல்லவா! உள்ளதைப் பார்ப்போம். 2010-இல் கூப்பிடு தொலைவிலே, ராயப்பேட்டையில், எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்தது. 2013-இல் வேளச்சேரியில் பீனிக்ஸ் வந்தது. அதே ஆண்டு வடபழனியில் இன்னொன்று வந்தது. விஜயா-வாகினி ஸ்டூடியோ இருந்த நிலத்திலே! சேலத்தில் ஸ்டூடியோ போய் வீடு வந்தது. சென்னையில் ஸ்டூடியோ போய் மால் வந்தது. புதிய மாளிகைகளில் சினிமாக் கொட்டகைகள் உண்டு, ஸ்பென்சரில் கிடையாது. சினிமா பார்க்கப் போனவர் அங்கேயே சட்டையும் வாங்கினார், சாப்பாட்டையும் முடித்தார்.

இன்னொரு காரணம் உண்டு, அதுதான் முக்கியம். ஸ்பென்சரில் கடைகளைத் துண்டு துண்டாக விற்றார்கள். பத்துக்குப் பத்து அறையை ஒருவர் வாங்கினார், பக்கத்து அறையை இன்னொருவர் வாங்கினார். சிலர் தாமே கடை நடத்தினார்கள். சிலர் வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருந்தார்கள். மாளிகை பலருக்குச் சொந்தமானது. அதாவது ஒருவருக்கும் பொறுப்பில்லாததாயிற்று. எந்தக் கடையை எங்கே வைப்பது, தாழ்வாரத்தை எப்போது புதுப்பிப்பது, வாடகையை எப்போது தாழ்த்துவது, இதையெல்லாம் முடிவு செய்ய ஒரு கை இல்லை. புதிய மால்காரர் விவரமானவர். அவர் கடையை விற்பதில்லை. தாமே வைத்துக்கொண்டு வாடகை வாங்குகிறார். விற்பனையிலும் பங்கு கேட்கிறார்.

இது ஒரு மாளிகையின் கதை மட்டுமா? நைட் ஃபிராங்க் என்ற கட்டட வணிக நிறுவனம் 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 100-க்கு 40 பங்குக்கு மேல் காலியாகக் கிடக்கும் அங்காடிகளுக்கு அது 'பேய் மால்' என்று பெயர் சூட்டியிருக்கிறது. இந்தியாவின் எட்டுப் பெருநகரங்களில் 2022-இல் அவை 57, 2023-இல் 64! மால் பிறந்த அமெரிக்காவிலும் இதே நிலைதான். 1956-இல் மின்னசோட்டா மாநிலத்தின் புறநகர் ஒன்றில் சவுத்டேல் என்ற மூடிய அங்காடியை விக்டர் குரூவன் என்ற கட்டடக் கலைஞர் அமைத்தார். மக்கள் கூடிப் பழகும் இடமாக அது இருக்கும் என்று கனவு கண்டார். கடைசிக் காலத்தில், தம் எண்ணத்தைப் பணக்காரர்கள் பாழாக்கிவிட்டார்கள் என்று அவரே அதைக் கைகழுவினார். அங்கே மால்களுக்கெல்லாம் தூணாக நின்ற சியர்ஸ் நிறுவனம் 2018-இல் திவால் மனுப் போட்டது.

நம் செவ்வாய்ப்பேட்டை நினைவுக்கு வருகிறது. செவ்வாய்க்கிழமை கூடிய சந்தையால் பெயர் பெற்ற ஊர் அது. சந்தைக்கு மூப்பில்லை. காலையில் கூடும், மாலையில் கலையும், அடுத்த வாரம் மறுபடி புதிதாய்ப் பிறக்கும். மின் கட்டணம் ஏறிற்று, படிக்கட்டு பழுதாயிற்று என்ற கவலை அதற்கு இல்லை. போகட்டும், சந்தையைப் புகழ்வதற்காக நாம் எழுத உட்காரவில்லை.

சேலத்துப் பிள்ளை ஒருவனை எண்ணிப் பாருங்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு, சென்னை மால் ஒன்றில் துணிக்கடையோ செருப்புக்கடையோ ஏதோ ஒன்றில் சேருகிறான். காலை பத்து மணிக்கு நிற்கத் தொடங்கினால் இரவு ஒன்பதரைக்குக் கால் தரையை மறந்துவிடும். ஏழெட்டு ஆண்டு வேலை செய்கிறான். கடைக்காரர் கெட்டவரல்லர். 'தம்பி' என்றுதான் அழைக்கிறார். தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கிறார். வியாபாரம் படுக்கிறது. ஒருநாள், 'தம்பி, இந்த மாதத்தோடு கடையைக் காலி செய்கிறேன்பா, நீ வேறு இடம் பார்த்துக்கொள்' என்கிறார். அவரும் பாவந்தான். மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய கடையாக இருக்கலாம். அவர் ஷட்டரை இறக்குகிறார். பையன் பையை எடுத்துக்கொண்டு இறங்குகிறான். சேமநல நிதி? இல்லை. பணிக்கொடை? இல்லை. ஈ.எஸ்.ஐ.? இல்லை. ஏன் இல்லை?

இங்கேதான் கணக்கு வருகிறது, தோழர்களே! சேமநல நிதிச் சட்டம் பாய வேண்டுமானால் ஒரு நிறுவனத்தில் 20 பேர் வேலை செய்ய வேண்டும். பணிக்கொடைக்குப் 10 பேர். ஈ.எஸ்.ஐ.க்கும் 10 பேர். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த எண்ணிக்கைகளைத் தளர்த்தவில்லை. அவன் நின்ற கடையில் இருப்பதோ மூன்றே பேர். அடுத்த கடையில் இரண்டு பேர். எதிர்க்கடையில் நாலு பேர். ஒரே கூரை, ஒரே வாசல், ஒரே காவல்காரர், ஒரே மின்தூக்கி! உள்ளே நிற்பவர்களை எல்லாம் கூட்டினால் ஒரு பஞ்சாலையின் ஒரு ஷிப்டுக்குச் சமமாக வரும். சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அவர்கள் மூன்று, இரண்டு, நாலு! ஒரே முதலாளிக்குப் பத்துக் கிளை இருந்தால் சேர்த்து எண்ணச் சட்டத்திலே வழி உண்டு. நூறு முதலாளிகள் ஒரே கூரைக்குள் இருந்தால் சேர்த்து எண்ண வழி இல்லை.

குமாரபாளையத்துத் தோழருக்கும் பள்ளிபாளையத்துத் தோழருக்கும் இந்த வித்தையை நாம் விளக்க வேண்டியதில்லை. இருபது தறி ஓடும் பட்டறையை நாலு பெயரில் பிரித்து எழுதிச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தும் கலையைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். அங்கே வேண்டுமென்றே பிரிக்கிறார்கள். மாலிலே கட்டும்போதே பிரிந்துவிடுகிறது. விளைவு ஒன்றுதான்.

பஞ்சாலை ஒன்று மூடினால் சங்கு நிற்கிறது. ஊருக்கே தெரிகிறது. ஆயிரம் பேர் வாசலில் கூடுகிறார்கள், கொடி ஏறுகிறது, தொழிலாளர் துறை அதிகாரி கார் ஏறி வருகிறார். மால் அப்படியா மூடுகிறது? இந்த மாதம் ஒரு கடை, அடுத்த மாதம் இரண்டு கடை. மும்மூன்று பேராக வெளியேறுகிறார்கள். மூன்று பேருக்காக எந்த ஏட்டில் செய்தி வரும்? பத்தாண்டிலே ஓர் ஆலை அளவு ஆட்கள் வேலை இழந்துவிடுகிறார்கள். 'ஆலை மூடல்' என்ற பேச்சே எழுவதில்லை.

'கடைச் சிப்பந்திகளைச் சங்கத்தில் சேர்க்க முடியாது. ஒவ்வொருவனும் முதலாளியின் அத்தான், மச்சான் என்று நினைப்பில் இருக்கிறான்' என்று நம் தோழர்களில் சிலரே சலித்துக்கொள்வதுண்டு. சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்கிறோம். கடையில் நிற்பவன் உட்காரலாம் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திற்று. கேரளம் 2018-லேயே செய்தது. ஒரு நாற்காலி! அதற்குக்கூட 1947-இல் பிறந்த சட்டம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. கேட்டவர் இருந்ததால்தான் அதுவும் வந்தது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். நாற்காலி போடாத கடை இன்னும் இருக்கிறது; அங்கே கேட்க ஆள் இல்லை என்று பொருள்.

வழி என்ன? வானத்திலிருந்து குதிக்க வேண்டியதில்லை. லீ பஜாரில் மூட்டை தூக்கும் தோழருக்கு ஒரே முதலாளி கிடையாது. காலையில் ஒரு மண்டி, மாலையில் ஒரு மண்டி. அவரைப் போன்றவர்களுக்காக மகாராஷ்டிரத்தில் 1969-இலேயே மாத்தாடிச் சட்டம் கொண்டு வந்தார்கள். பல முதலாளிகளும் ஒரு வாரியத்தில் பதிந்து, கூலியோடு சேர்த்து ஒரு பங்கைக் கட்ட வேண்டும். சேமநல நிதியும் பணிக்கொடையும் வாரியத்தின் வழியே தொழிலாளிக்குப் போய்ச் சேரும். முதலாளி மாறலாம், கணக்கு மாறாது. மூட்டைக்குச் செய்ய முடிந்ததைத் துணிக்கடைக்குச் செய்ய முடியாதா?

கட்டடம் எழும்போது, கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கென்று செலவில் 100-க்கு ஒரு ரூபாய் வாங்குகிறார்கள். எழுந்த பிறகு? மாலின் ஒவ்வொரு கடையும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறது. விளக்குக்கு, துடைப்பத்துக்கு, மின்தூக்கிக்கு எல்லாம் அதிலே பங்கு உண்டு. நிற்கும் மனிதனுக்கு மட்டும் பங்கு இல்லை. அந்தக் கட்டணத்தோடு ஒரு நல நிதிப் பங்கையும் சேர்த்து வாங்கு, மாளிகையை ஒரே நிறுவனமாக எண்ணு என்று கேட்கிறோம். பெரிய கடைக்காரருக்கு அது தேநீர்ச் செலவு. சின்னக் கடைக்காரருக்குச் சுமைதான், மறுக்கவில்லை. அவர் பங்கைக் குறைத்து, நிலத்துக்கு உரியவர் பங்கைக் கூட்டலாம்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டுமா? இருக்கிற சட்டத்திலேயே ஒரு கருவி உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவைப் படியுங்கள். தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக்கூடாது. நீக்கினால் ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது ஒரு மாதச் சம்பளம். இதற்கு இருபது பேர் வேண்டாம், பத்துப் பேர் வேண்டாம். ஒரே ஒருவர் இருந்தாலும் பொருந்தும். ஷட்டர் இறங்கும் நாளில் இதைக் கேட்டு வாங்கியவர் எத்தனை பேர்?

சேலத்தில் ஐந்து ரோட்டிலும், நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் கடைவீதிகளிலும் இன்று கண்ணாடி பளபளக்கிறது. கிளைச் செயலாளர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த மாடிகளில் ஏறி இறங்கி வரட்டும். ஒவ்வொரு கடையிலும் எத்தனை பேர் என்று குறித்து வரட்டும். வேலையில் சேர்ந்த தேதியை எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்கட்டும். பெரும்பாலும் கொடுத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் சம்பளம் வந்த வங்கிக் குறுஞ்செய்தி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, பில் புத்தகத்தில் போட்ட கையெழுத்து, எல்லாமே ஆறு மாதத்துக்குச் சான்றுதான். கடை நன்றாக நடக்கும்போதே அவற்றுக்கு ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.