மாடிப்படிப் பூனைக்கும் ஒரு பதிவேடு

கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடிகளில் முப்பது வருடங்களுக்கு முன்பு எந்தப் பூனைக்கும் பிறந்த திகதி கிடையாது. "போன நோன்புக்கு முந்திப் பிறந்தது", "ராத்தாட கலியாணத்துக்குப் பந்தல் போட்ட அன்று படிக்குக் கீழே கிடந்தது" என்றுதான் கணக்கு. மீன் கழுவும் நேரம் தெரிந்து அது வாசலுக்கு வரும். சாளையின் தலையும் குடலும் அதன் பங்கு. மீன் இல்லாத நாளில் டின் மீன் ஆணத்தில் நனைத்த பாண். ஒரே பூனைக்கு மூன்று வீட்டில் மூன்று பெயர் இருந்தது, மூன்றுக்கும் அது திரும்பிப் பார்த்தது.

முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. நாய் வளர்ப்பவர்கள் குறைவு. பூனை மட்டும் தொழுகைப் பாயின் ஓரத்திலும் படுக்கும், யாரும் துரத்த மாட்டார்கள். நபித்தோழர் அபூஹுரைராவின் பூனைப் பாசத்தைக் குர்ஆன் மதரஸாவிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அல்லவா? அன்புக்கு இங்கே ஒருநாளும் குறையிருக்கவில்லை. குறைந்திருந்தது அறிவு. பூனை சோர்ந்து படுத்தால், காய்ச்சலாக்கும் என்று அரைப் பனடோலைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அரை வில்லையே கொல்லப் போதும்: இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகிறது, ஈறு பழுப்பாகிறது, முகம் வீங்குகிறது. காப்பாற்ற நினைத்த கையாலேயே எத்தனை பூனைகள் இறந்தன என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

நாய்க்கு இந்த நாட்டில் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே பதிவேடு உண்டு. விசர்நோய்க் கட்டளைச்சட்டம் 1893ஆம் ஆண்டையது, நாய்ப் பதிவுக் கட்டளைச்சட்டம் 1901ஆம் ஆண்டையது. பூனைக்கு அப்படிப் பதிவேடு எதுவும் இருக்கவில்லை. விசர்நோய் பூனைக்கும் வரும், பூனையால் மனிதருக்கும் வரும் என்ற நினைப்பே வீடுகளில் கிடையாது. 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி பரவலானபின் அந்தத் தொகை இன்று ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதித்து விசர்நோய் உறுதியாகும் மிருகங்களில் நாய்க்கு அடுத்த இடம் பூனைக்குத்தான்.

பூனை வளர்ப்பில் மாற்றம் மெல்ல மெல்லத்தான் வந்தது. என் பார்வையில் அதை வேகப்படுத்தியது 2020. மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு தொடங்கியது. ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொவிட் பரவி, சந்தை மூடப்பட்டது. மாளிகாவத்தை பொலிஸ் பிரிவும் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் போனது. மீன் வரவில்லை, வந்த மீனை வாங்கவும் ஆட்கள் பயந்தார்கள். பூனைக்கு என்ன கொடுப்பது, வாந்தியெடுத்தால் யாரிடம் கேட்பது என்ற கேள்விகளெல்லாம் கைபேசிக்குள் வந்தன. மிருக வைத்தியருக்கு வாட்ஸப்பில் படம் போனது, பூனைத் தீனி ஓடர் பண்ணி வந்தது. வெளியே போக வழி திறந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

இன்று நான் அறிந்த பல வீடுகளில் பூனைக்கென்று ஒரு செயலி இருக்கிறது. பெயர், பிறந்த திகதி, எடை, இனம் எல்லாம் கேட்கும். பூச்சி மருந்துக்கும் வருடாந்த விசர் ஊசிக்கும் நாள் வந்தால் மணி அடிக்கும். வீட்டு மகள் பதிவதைக் கட்டாரில் வேலை செய்யும் நானாவும் அதே நேரம் பார்க்கிறார், ஊசிக்குக் காசும் அனுப்புகிறார். 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறி, இறக்குமதித் தீனி கைக்கெட்டாமல் போனபோது, தீனியை மீனும் சோறுமாக மாற்றிய குடும்பங்கள் எடைக் குறிப்பைப் பார்த்துத்தான் அளவைச் சரி செய்தன. உம்மம்மாவின் நினைவில் மட்டும் இருந்த கணக்கு இப்போது வீட்டிலுள்ள எல்லோருடைய கையிலும் இருக்கிறது.

இதன் பெறுமதி முழுசாகத் தெரிவது ஒரு பிள்ளையைப் பூனை கடித்த அன்றுதான். ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு ஓடினால் அங்கே கேட்கும் முக்கியமான கேள்விகளில் ஒன்று, பூனைக்கு ஊசி போட்டிருக்கிறதா என்பது. குறைந்தது இரண்டு தடவை போட்டு, கடைசி ஊசி ஒரு வருடத்துக்குள் இருந்து, பூனை சுகமாகவும் கண்ணெதிரேயும் இருந்தால், அதைப் பதினான்கு நாள் கவனித்துக்கொண்டு பிள்ளைக்கான ஊசியை வைத்தியர் தள்ளிப்போட இடமுண்டு. முடிவு அவருடையது. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுவதும் வைத்தியசாலைக்குப் போவதும் எப்படியும் கட்டாயம். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செயலியில் நாமே தட்டிய திகதி சான்றாகாது. மிருக வைத்தியர் கையெழுத்திட்ட அட்டைதான் சான்று. ஆகவே அட்டையைப் படம்பிடித்துச் செயலியில் வையுங்கள், அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகளின் வேதனையை அனுபவித்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த அட்டையின் அருமை தெரியும்.

ஆனால் இந்தச் செயலிகள் எல்லாம் ஒரு பூனைக்கு ஒரு வீடு என்று நினைத்துச் செய்யப்பட்டவை. படிக்கட்டில் பிறந்து நாலு வாசலில் சாப்பிடும் பூனைக்கு அவற்றில் இடமில்லை. நான் பார்த்தவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசுகின்றன, எல்லோரையும் விட அதிகமாகச் சோறு போடும் உம்மாமாருக்கு அவை எட்டுவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் பாரசீகப் பூனைக்கு எல்லா ஊசியும் போடப்படுகிறது. பிள்ளைகள் தூக்கி விளையாடுவதோ படிக்கட்டுப் பூனையை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது, பதிவும் அங்கேதான் வேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. கோவாவில் மிஷன் ரேபிஸ் அமைப்பினர் தெருநாய்க்கு ஊசி போட்டதும் இடத்தோடு கைபேசியில் பதிந்தார்கள். எந்தத் தெரு விடுபட்டது என்று அன்று மாலையே தெரிந்தது. 2021இல் கோவா அரசு மாநிலத்தை விசர்நோய் கட்டுப்பாட்டுக்குள் வந்த பகுதியாக அறிவித்தது. கொழும்பிலும் மாநகர சபையும் புளூ போ டிரஸ்ட் அமைப்பும் சேர்ந்து 2007 முதல் தெருநாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்த அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவத்தைப் பூனைக்கும் கொண்டுவர மாளிகாவத்தையைவிடப் பொருத்தமான இடம் எது? தமிழிலும் சிங்களத்திலும் ஒரு எளிய படிவம் போதும்: பூனையின் படம், ஊசி போட்ட நாள், கருத்தடை ஆனதா இல்லையா. உரிமையாளர் என்ற கட்டத்தில் ஆளின் பெயருக்குப் பதில் தொடர்மாடியின் இலக்கத்தையும் மாடியையும் எழுதலாம். மணி அடிக்கும்போது அந்த மாடியிலுள்ள எல்லா வீட்டுக் கைபேசியிலும் அடிக்கட்டும்.