நூறு ரூபாய் என்று எழுதிய சீட்டு

போன வைகாசியில் காவேரிப்பட்டினத்தில் என் அக்கா வீட்டுத் திண்ணைக்கு ஒரு பெட்டி திரும்பி வந்தது. ஒன்பது நாளைக்கு முன் சென்னைக்கு அனுப்பிய இமாம் பசந்த் மாம்பழம், ஐந்து கிலோ. பெட்டியின் அடிமூலை ஊறிப்போய், தொட்டால் விரல் உள்ளே இறங்கியது. மேலே ஒட்டிய சீட்டு மட்டும் ஒரு கசங்கல் இல்லாமல் இருந்தது. அக்கா பெட்டியைப் பிரிக்கவே இல்லை. புளித்த வாடையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

பணம் கட்டியிருந்த சென்னைக்கார அம்மாவுக்கு அன்றைக்கே முழுத் தொகையையும் திருப்பி அனுப்பிவிட்டு, கொரியர் கிளைக்குப் போனோம். அங்கிருந்த பையன் சீட்டை வாங்கிப் பார்த்தான். "இதுல வேல்யூ நூறு ரூபாய்னு போட்டிருக்கேக்கா" என்றான். போட்டது நாங்கள்தான். புக்கிங் அன்று பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். மதிப்பு என்ன என்று கேட்டதற்கு, ஏதோ ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தோம். சீட்டின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில் விதிகள் இருந்தன. அழுகும் பொருளுக்கு இழப்பீடு கிடையாது என்பதும் அதில் ஒன்று. அதை முதல்முறையாகப் படித்தது அந்தக் கவுன்டரில் நின்றபோதுதான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்று இப்படி அனுப்புகிறவர்கள் ஏராளம். சந்தூர்ப் பக்கம் மாங்கன்று, ஓசூர் பாகலூர்ப் பக்கம் ரோஜாக் கன்று, வீட்டுக்கு வீடு மாங்காய்த் தொக்கு, ராகி மாவு, தையல் வேலை. ஆலையில் ஷிப்டு முடித்து வந்து ராத்திரி பத்து மணிக்குப் பெட்டி கட்டும் தம்பதிகளை எனக்குத் தெரியும். அவர்களில் பலரிடம் கேட்டுவிட்டேன். சீட்டில் உண்மையான விலையை எழுதுகிறவர்கள் குறைவு.

அதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் இல்லை, மாநில எல்லையும் ஒரு காரணம். ஓசூரை அடுத்த ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். வாங்குகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் வரிச் சட்டம் தூரத்தைப் பார்ப்பதில்லை, மாநிலத்தைப் பார்க்கிறது. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கும் சிறு வியாபாரி, ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று ஆன்லைன் தளங்களில் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் வழி பிறந்தது. அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான். ஓசூர்க்காரர் தன் தொக்கைக் கன்னியாகுமரிக்கு விற்கலாம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு விற்க வேண்டுமானால் பதிவு வேண்டும். மாம்பழமாகவே போனால் வரி இல்லை, அதனால் இந்தத் தொல்லையும் இல்லை. தொக்காகி பாட்டிலில் ஏறிவிட்டால் உண்டு.

பதிவு எடுக்கத் தயங்குகிறவர்கள் சீட்டில் "சாம்பிள், விற்பனைக்கு அல்ல" என்று எழுதி அனுப்புகிறார்கள். அது சட்டப்படியும் தப்பு, அவர்களுக்கே கேடும்கூட. பெட்டி தொலைந்தால் காட்டுவதற்கு பில் கிடையாது. இருக்கும் ஒரே சீட்டும் அது விற்பனைப் பொருளே இல்லை என்கிறது. எல்லை தாண்டி விற்கத்தான் போகிறோம் என்றால் பதிவை எடுத்துவிடுவதே நல்லது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

சீட்டுக்கு நீதிமன்றத்தில் எவ்வளவு கனம் உண்டு என்பதற்குப் பின்னலாடைத் தொழில் கொடுத்த பாடம் ஒன்று இருக்கிறது. 1990இல் பாரதி நிட்டிங் கம்பெனி, ஜெர்மனிக்கு அனுப்பிய கோடைக்கால உடைகளுக்கான ஆவணங்களை டி.எச்.எல். கொரியரில் அனுப்பியது. உறை போய்ச் சேரவில்லை. மறுபடி நகல் அனுப்பிச் சேர்ப்பதற்குள் சீசன் முடிந்துவிட்டது. வாங்கியவர் விலையைக் குறைத்துவிட்டார். மாநில நுகர்வோர் ஆணையம் நாலு லட்சத்துக்கும் மேல் இழப்பீடு தரச் சொன்னது. தேசிய ஆணையம் அதை 100 டாலராகக் குறைத்தது. அனுப்பியவர் கையெழுத்திட்ட சீட்டில் அந்த வரம்புதான் அச்சாகியிருந்தது. 1996 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அந்த 100 டாலரையே உறுதி செய்தது. கையெழுத்துப் போட்ட பிறகு விதி தெரியாது என்று சொன்னால் எடுபடாது.

இதைப் படித்துவிட்டுக் கையை விரிக்க வேண்டியதில்லை. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இல் வந்து, 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் கொரியரையும் அது சரக்குச் சுமப்பவர் என்றே கணக்கில் எடுக்கிறது. பொருள் தொலைந்தோ உடைந்தோ போனால், அது அவர்களுடைய அஜாக்கிரதையால்தான் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. இது பெரிய பலம், பலருக்குத் தெரியாத பலம். ஆனால் அதிக மதிப்பைக் காட்டி, அதற்கான கூடுதல் கட்டணமும் கட்டாதவருக்குப் பொறுப்பின் வரம்பு அனுப்பும் கூலியைப் போலப் பத்து மடங்கு. 120 ரூபாய் கூலி என்றால் 1,200 ரூபாய். வழக்குக்குப் போகும் எண்ணம் இருந்தால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். போனில் பத்துத் தடவை சண்டை போட்டது நோட்டீஸ் ஆகாது.

தபாலில் போனால் கணக்கு வேறு. 1898ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சல் துறையைப் பொதுவாகப் பொறுப்பிலிருந்து விடுவித்திருந்தது. 2024 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்திலும், விதிகளில் சொல்லியிருக்கும் பொறுப்பு மட்டும்தான். ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தைப் போல இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. விலை உயர்ந்த பொருள் என்றால் இன்ஷூர் செய்து அனுப்ப வழி உண்டு, அதைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று அக்கா கேட்டாள். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, கிருஷ்ணகிரியிலேயே, மனு போடலாம். இரண்டு வருட அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் விற்கிறவர் போனால், நீங்கள் வியாபாரி, நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாக வைக்கும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் தொழில் என்று பதில் சொல்ல இடமுண்டு. அதற்கும் காகிதம் வேண்டும். அதே சமயம் நம்மிடம் வாங்கியவருக்கு 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் துணை நிற்கின்றன. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று நாம் சொல்ல முடியாது. அது நியாயமும்கூட, அவர் என்ன செய்வார்? கொரியர் தருவது வரும்போது வரட்டும் என்று அவர் பணத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும்.

உடையாமல் அனுப்புவதற்குத்தான் இப்போது அக்கா வீட்டில் அதிகப் பாடுபடுகிறார்கள். பேக்கிங் சோதனைக்கென்று உலக அளவில் இஸ்டா என்ற அமைப்பு வகுத்த முறை ஒன்று இருக்கிறது. பத்துக் கிலோவுக்கு உட்பட்ட பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்துத் தடவை போட வேண்டும்: ஒரு முனை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம். அளந்து பார்த்தால் அக்கா வீட்டுத் திண்ணையும் ஏறக்குறைய அந்த உயரம்தான். நாலு தொக்கு பாட்டில்களைப் பழைய பெட்டியில் கட்டிப் போட்டோம். மூன்றாவது விழுதலில், விளிம்பு பட்டதும், உள்ளே "டக்"கென்றது. பாட்டிலும் பாட்டிலும் மோதிய சத்தம். தரை ஒன்றும் செய்யவில்லை. அதன் பிறகு பாட்டில்களுக்கு நடுவே அட்டைத் தடுப்பு வைத்து, மூலைகளில் கிழித்த காகிதத்தை அழுத்தி, காதருகே குலுக்கிப் பார்த்துச் சத்தம் வராத பிறகே டேப் ஒட்டுகிறாள். பெட்டி மேல் கண்ணாடிக் கோப்பைப் படம் ஒட்டுகிறாள். ஓசூர்க் கிடங்குகளில் பெட்டி இறக்கும் பிள்ளைகள் பல மாநிலத்துக்காரர்கள். தமிழில் "உடையும்" என்று எழுதினால் எல்லோருக்கும் புரியாது.

மாம்பழம் இப்போது தனித்தனிப் பெட்டியாகப் போவதில்லை. சென்னையில் ஒரே அடுக்குமாடியில் பன்னிரண்டு வீட்டாரைச் சேர்த்து, ராத்திரிப் பேருந்தில் ஒன்றாக ஏற்றிவிடுகிறாள். ஏற்றும் கை ஒன்று, இறக்கும் கை ஒன்று. 2022இல் அரசு விரைவுப் பேருந்துகளில் சுமைப் பெட்டி வாடகைத் திட்டம் வந்தபோது ஓசூரும் அதில் இருந்தது. ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள் அது இப்போதும் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

போன வாரம் தொக்குப் பெட்டியோடு அதே கிளைக்குப் போனோம். தராசில் பெட்டி இருக்கும்போதே, எடை தெரியும்படி அக்கா போட்டோ எடுத்துக்கொண்டாள். பில்லின் நகலை நீட்டினாள். பையன் பார்த்தான். "ஆயிரத்து நானூறுன்னே போடட்டுமாக்கா? எக்ஸ்ட்ரா ஆகும்." "போடுப்பா" என்றாள். பின்னால் வரிசை நின்றது. அக்கா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.