மணலில் ஓடினால் ஏன் இளைக்கிறது?

மயிலாப்பூரிலிருந்தோ அடையாற்றிலிருந்தோ விடியற்காலையில் கடற்கரைக்கு ஓடப் போகிறீர்களா? சாலையில் சுலபமாக ஓடும் நீங்கள், பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையின் உலர்ந்த மணலில் சற்று நேரத்திலேயே இளைத்துவிடுவீர்கள். ஏன்?

சாலையில் பாதம் ஊன்றும்போது குதிகால் தசைநாண் சுருள்வில்லைப் போல நீண்டு, ஆற்றலைச் சேமித்து, திருப்பித் தருகிறது. உலர்ந்த மணலிலோ துகள்கள் சறுக்குகின்றன. ஆற்றலில் ஒரு பகுதி உராய்வினால் வெப்பமாகி வீணாகிறது. கெட்டித் தரையைவிட மணலில் ஓடச் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்டார்கள்.

ஈர மணல் அப்படியல்ல. துகள்களுக்கு இடையிலுள்ள சிறிதளவு நீர், தன் பரப்பு இழுவிசையால் அவற்றைப் பிணைக்கிறது.

அலை வடிந்த இடத்தில் காலை அழுத்திப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி மணல் கணநேரம் வெளுக்கும்! நெருக்கமாக அடுங்கிய துகள்கள் நகரும்போது இடைவெளிகள் பெருகுகின்றன. மேற்பரப்பு நீர் உள்ளே இறங்குகிறது. மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1885-இல் இதை விளக்கினார்.

ஆகவே, அலை எட்டாத ஈர மணலில் ஓடுங்கள். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் தாழ்ந்தே இருக்கும். ஒரே திசையில் வெகுதூரம் ஓடினால் கணுக்கால் வலிக்கும். போன வழியே திரும்புங்கள். தாழ்வு மறு காலுக்கு மாறிவிடும்.