சேலத்து மாவில் பிரேசில் பன்!

'பௌங் ஜி கேய்ஜு' என்றதும் யாரோ கராத்தே மாஸ்டர் என்று நினைத்துவிடாதீர்கள். பிரேசில்காரர்கள் காபியோடு உள்ளே தள்ளும் சீஸ் பன். எலுமிச்சம்பழ சைஸ். மேலே மொறுமொறு, உள்ளே பிய்த்தால் சவ்வு மாதிரி நீளும். 'பௌங்' என்றால் போர்த்துக்கீசியத்தில் ரொட்டி. பாவ் பாஜியில் வருகிற அதே 'பாவ்'தான். ஜன்னலையும் சாவியையும் நமக்குக் கொடுத்த மொழி, இதை மட்டும் கொடுக்காமல் விட்டுவிட்டது.

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் நாக்கு அல்ல, ஆவடியில் இருக்கும் அக்கா மகள். ஒன்பது வயசு. 'சீலியாக்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்க ஆரம்பித்துவிடும். ஆயுசுக்கும் கோதுமையைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். சப்பாத்தி போனால் போகட்டும், இட்லி இருக்கிறது. ஆனால் பிஸ்கட், பன், பஃப்ஸ், பரோட்டா, கேக்? கூட்டுப் பெருங்காயத்தில்கூட மைதா இருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், கேக்கை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிடுமாம். அழுதால்கூடப் பரவாயில்லை என்கிறாள் அக்கா.

பிரேசில் பன்னில் மைதா பொட்டுக்கூடக் கிடையாது. எல்லாம் மரவள்ளிக்கிழங்கு மாவு. அங்கே மினாஸ் ஜெராய்ஸ் என்ற மாநிலத்தில் கோதுமைக்குத் தட்டுப்பாடு. கிழங்கும் பசுவும் ஏராளம். பிறகென்ன, கிழங்கு மாவில் சீஸைத் துருவிப் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கிழங்கு நமக்கும் அங்கிருந்து வந்ததுதான். போர்த்துக்கீசியர் கப்பலில் மலபார் வந்தது. 1880-களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் ஊரெல்லாம் பயிரிடச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு. ஆக, பிரேசில் பன்னுக்கு மாவு தேடி பிரேசில் போக வேண்டாம். அம்பத்தூர் ஓ.டி. வரை போனால் போதும்.

ஆனால் என்ன மாவு என்று பார்த்து வாங்க வேண்டும். வேண்டியது மரவள்ளி ஸ்டார்ச். கிழங்கைக் காயவைத்து அப்படியே அரைத்த மாவு வேறு. 'ஜவ்வரிசியையே மிக்ஸியில் போட்டு அரைத்தால்?' ஊஹூம். அது சட்டியில் சூடுபட்டு ஏற்கெனவே பாதி வெந்த ஆசாமி.

இன்னொன்று. மக்காச்சோள ஸ்டார்ச்சைக் கலக்கிறார்கள் என்பது சேலத்துக் கிழங்கு விவசாயிகளின் பல வருஷப் புகார். கலந்தால் கிழங்குக்கு விலை விழும். நம் பன்னும் நீளாது. சந்தேகமாக இருந்தால் ஒரு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுங்கள். மரவள்ளி என்றால் கண்ணாடி மாதிரி, இழுபடும் பசை வரும். வெள்ளையாகக் கலங்கி நின்றால் சோளத்தின் கை இருக்கிறது. சோளத்தால் சீலியாக் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. மைதா அள்ளிய கரண்டியால் கிழங்கு மாவையும் அள்ளிக் கொடுக்கும் சில்லறைக் கடைதான் ஆபத்து. சீல் வைத்த பாக்கெட்டே வாங்குங்கள். கோதுமை கேக் செய்த தட்டையும் தொடாதீர்கள்.

இனி அடுப்படி. பிரம்மச்சாரிகளும் செய்யலாம், பிசைவதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. கால் கிலோ மாவு. பால் 125 மில்லி, எண்ணெய் 60 மில்லி, கொஞ்சம் உப்பு (சீஸிலேயே உப்பு உண்டு, கையைக் கட்டிப் போடுங்கள்) மூன்றையும் கொதிக்கவிட்டு, பொங்கும்போதே மாவில் கொட்டிக் கிளறுங்கள். நம் கொழுக்கட்டைக்கு வெந்நீர் ஊற்றுகிற அதே சூட்சுமம். குளூட்டன் இல்லாத மாவு ஒட்டிக்கொள்ள வேறு வழியில்லை. ஆறியதும் ஒரு முட்டை, துருவிய சீஸ் 100 கிராம். ஒட்டும், பயப்படாதீர்கள். கையில் எண்ணெய் தடவி உருட்டி, 190 டிகிரி அவனில் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிஷம். ஈஸ்ட் கிடையாது, சோடா கிடையாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அதுவே உப்ப வைக்கிறது. பாதியில் கதவைத் திறந்து பார்க்கும் ஆவலை மட்டும் அடக்குங்கள்.

பிரேசிலில் இந்த ஸ்டார்ச்சைத் தண்ணீரில் வாரக்கணக்கில் புளிக்கவிட்டு வெயிலில் காயவைத்த ரகமும் உண்டு. அதுதான் நன்றாக உப்பும். நம்மிடம் அது இல்லை. ஒரு ஸ்பூன் புளித்த தயிர் சேர்த்தால் ருசிக்கு ஆயிற்று, உப்பலுக்கு ஆகாது. அதனால் நம் பன் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும். ஒன்பது வயசு அதையெல்லாம் ஸ்கேல் வைத்து அளக்கவில்லை.

சூடாகச் சாப்பிட வேண்டும். ஆறினால் ரப்பர் பந்து, கிரிக்கெட்டுக்குத்தான் உதவும். ஞாயிற்றுக்கிழமை உருட்டி ஃப்ரீஸரில் போட்டுவிட்டால், தினம் வேண்டியதை எடுத்து ஐந்து நிமிஷம் கூடுதலாக வேகவிடலாம். அக்கா முப்பது உருண்டை வைத்திருக்கிறாள். புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடுகிறது. அத்தான் மேல்தான் சந்தேகம்.