எலுமிச்சைக்கு அஞ்சும் கறுப்பு

அக்காவிடமோ அம்மாவிடமோ அஜ்ரக் துப்பட்டா இருந்தால், கேட்டு வாங்கி மடியில் விரித்துப் பாருங்கள். அடர்நீலத் தரை, அதில் செங்கல் சிவப்பில் நட்சத்திரங்கள், அவற்றைச் சுற்றிக் கறுப்புக் கோடு, இடையிடையே வெள்ளை. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் கத்ரி சமூகத்தினர் மர அச்சுகளால் பதிக்கும் துணி இது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் இந்த வேலைப்பாடு உண்டு.

நிறம் மூன்றுதான். ஆனால் மூன்றும் துணியில் தங்கியிருப்பது மூன்று வேறு விதங்களில். அந்த விவரம் தெரிந்துவிட்டால், இதை எப்படித் துவைப்பது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கறுப்பிலிருந்து தொடங்குவோம். பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க விடுவார்கள். புளிக்கும்போது உண்டாகும் அமிலம் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அந்த நீரில் புளியங்கொட்டை மாவைச் சேர்த்துக் காய்ச்சினால் கூழாகிவிடும்; அதை அச்சில் தொட்டுத் துணியில் பதிப்பார்கள். துணியோ ஏற்கெனவே கடுக்காய் நீரில் நனைத்து உலர்த்தியது. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். இரும்பும் டானினும் சந்தித்த இடமெல்லாம் கறுத்துவிடும். இரும்பு அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கினால் மணை கறுக்கிறதே, அதிலும் இந்தச் சேர்க்கைக்குப் பங்கு உண்டு.

சிவப்பு இன்னும் விந்தையானது. அச்சுப் பதிக்கும்போது அங்கே சிவப்பே இருக்காது! பதிப்பது படிகாரமும் களிமண்ணும் கலந்த கூழை. பிறகுதான் துணியை அலிசரின் என்ற சாயத்தில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் செடியின் வேரிலிருந்து எடுத்த அலிசரினை, 1868இல் கிரேபே, லீபர்மான் என்ற ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஆய்வகத்திலேயே செய்து காட்டினார்கள்.

கறுப்புக்கு உதவும் இரும்பு சிவப்பைக் கெடுத்துவிடும். 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பூகம்பத்தில் தமட்கா என்ற அச்சுத் தொழில் கிராமம் இடிந்தது. அங்கே தண்ணீரிலும் இரும்பு கூடிப்போய், நிறங்கள் சரியாக வரவில்லை. பல குடும்பங்கள் புஜ் நகருக்கு அருகே அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரையே அமைத்துக் குடியேறின. நல்ல தண்ணீர் இல்லாமல் இந்தத் துணி இல்லை.

நீலம் அவுரிச் செடி தருவது. நம் திண்டிவனம் பக்கத்திலும் அவுரி விளைகிறது. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் போகவும் முடியாது. அதனால் தொட்டியில் புளிக்கவைத்து, அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுவார்கள். முக்கி எடுத்த துணி முதலில் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றில் விரித்ததும் ஆக்சிஜன் பட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும்! நூலுக்குள் போன நிறம் மறுபடி கரையாத துகளாகி அங்கேயே தங்கிவிடும். வெள்ளைக் கோடுகளில் சுண்ணாம்பும் பிசினும் கலந்த கூழ் காவலுக்கு இருந்ததால் எந்த நிறமும் ஏறவில்லை.

இனி துவைப்பு. நீலத் துகள்களை நூலோடு கட்டிவைக்கும் படிகாரம் போன்ற பொருள் எதுவும் இல்லை. நூலின் மேற்பரப்பில் நிற்பவை உரசினால் உதிரும். ஆகவே இதைத் தனியாக, பச்சைத் தண்ணீரில், மென்மையான சோப்பு போட்டு அலசுங்கள். பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சாய மூலக்கூறுகளை உடைக்கும் என்பதால் நிழலில் உலர்த்துங்கள். எலுமிச்சைச் சாதம் சிந்தினால் உடனே நீர் விட்டு அலசவேண்டும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிரித்து இழுத்துக்கொள்ளும், கறுப்புக் கோடு மங்கும்.

அணிவதிலும் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. பருத்தி அஜ்ரக்கின் நூலில் நுண்ணிய இழைமுனைகள் நீட்டிக்கொண்டிருப்பதால் உராய்வு அதிகம். பின் குத்தாமலே தோளில் நிற்கும். வழவழப்பான ஷிஃபான் துப்பட்டா வழுக்கும். அஜ்ரக்கின் ஓரக்கரை அழகாகத் தெரிய ஒரு தோளில் மடிப்பு வைத்துப் போடலாம். ஆனால் அக்கா ஸ்கூட்டரில் ஏறும்போது இரு முனைகளையும் முன்னே இழுத்து முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். சுழலும் சக்கரத்தில் முனை சிக்கினால் ஒரு நொடியில் மொத்தத் துணியையும் சுருட்டி இழுத்துவிடும்.

ஒரு சோதனை. அம்மாவிடம் கேட்டுவிட்டு, ஈரமான வெள்ளைத் துணியால் புதுத் துப்பட்டாவின் நீலத்தை லேசாகத் தேயுங்கள். இன்னொரு மூலையால் சிவப்பைத் தேயுங்கள். எந்த மூலையில் நிறம் அதிகம் ஒட்டுகிறது? ஏன்?