விளையாட்டுத் திடலும் இறைபணியே

இடம்பெயர்ந்த குடும்பம் முதலில் கேட்பது வீடு. பின்னர் காணி உறுதி, குடிநீர், பாதை, பயிரிடக் கொஞ்சம் நிலம். பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் மனுக் கொடுப்போர் மிகக் குறைவு. அது இயல்பே. ஆயினும் இழந்தவற்றைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நாம் இங்கு சொல்ல விரும்புவது.

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிறிபுர, பல்லேபாகே, எலங்கபிட்டிய கிராமங்களை அழித்தது. நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். தப்பியவர்கள் வேறிடங்களில் குடியமர வேண்டியதாயிற்று. வயலும் ஓடையும் முற்றமும் இருந்தபோது பிள்ளைகளுக்கு விளையாடத் தனி இடம் தேவைப்படவில்லை. வீடுகள் நெருங்கி நிற்கும் புதிய குடியேற்றத்தில் அவர்களுக்கு எஞ்சுவது பாதையோரமே.

பாபிலோனிலிருந்து திரும்பிய மக்களுக்கு மீளக் கட்டப்படும் எருசலேமைப் பற்றிச் செக்கரியா இறைவாக்கினர் கூறுகிறார் (8:4-5). முதியோர் கைத்தடியுடன் வீதியில் அமர்ந்திருப்பதும், சிறுவர் சிறுமியர் அங்கே விளையாடுவதுமே அவர் காட்டும் அடையாளம். இடம்பெயர்ந்தவர்கள் மறுபடியும் வேரூன்றினார்கள் என்பதை அவர் அதில் கண்டார்.

இடமின்றி அலைந்த திடல்

இளையோர் பணிக்கு முன்னோடியான புனித தொன் பொஸ்கோவின் மன்றமும் இடம்பெயர்ந்த ஒன்றே. 1841இல் இத்தாலியின் தூரின் நகரில் வேலை தேடி வந்த ஏழைச் சிறுவர்களை அவர் கூட்டத் தொடங்கினார். விளையாட்டும் மறைக்கல்வியும் சேர்ந்தே நடந்தன. சத்தம் தாங்க முடியவில்லை என்று அயலவர் முறையிட, ஆலைப் பக்கத்திலிருந்தும் கல்லறைத் தோட்டத்திலிருந்தும் வாடகை அறைகளிலிருந்தும் மாறி மாறி வெளியேற நேர்ந்தது. இறுதியாகக் கிடைத்த புல்வெளியின் உரிமையாளர்களோ, பிள்ளைகள் மிதித்துப் புல் வேரோடு போய்விட்டது என்று காணியைத் திருப்பிக் கேட்டார்கள். விவசாயிகளாகிய உங்களுக்கு அவர்கள் பக்க நியாயமும் விளங்கும். 1846 உயிர்ப்பு ஞாயிறன்று வல்தோக்கோ என்ற இடத்தில் ஒரு தாழ்ந்த கொட்டகை அவர்களுக்குக் கிடைத்தது. அதைச் சுற்றியிருந்த நிலத் துண்டையும் அவர் பிள்ளைகள் விளையாடவென்று சேர்த்தே வாடகைக்கு எடுத்தார்.

சில்லுப் பலகையின் பாடம்

காலம் மாறும்போது விளையாட்டும் மாறுகிறது. 1987இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், ஓர் ஆலயத்தின் வாகனத் தரிப்பிடத்தில் ஸ்கேட்போர்ட் எனப்படும் சில்லுப் பலகை ஓட்டும் இளைஞர்களுக்காக 'ஸ்கேட்சேர்ச்' என்ற பணி தொடங்கியது. ஓட்டத்தின் நடுவே சிறிய வேத உரையும் உண்டு.

இந்தியாவில், மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் கிராமத்தில் 2015இல் உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜேர்மன் பெண்மணியின் முயற்சியால் ஒரு கொங்கிறீற்றுத் திடல் அமைந்தது. அது திருச்சபையின் பணியல்ல. ஆயினும் அதன் இரண்டு விதிகள் நமக்குப் பயன்படும். பாடசாலைக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். ஒருவரோடொருவர் சேராதிருந்த ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒரே தளத்தில் பலகை ஓட்டப் பழகினார்கள்.

நம் மலைநாட்டில்

இங்கு மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இடம். திடலுக்காக மலைச் சரிவை வெட்டக்கூடாது. வெட்டிய சரிவும் வடிகாலற்ற மழைநீரும் மண்சரிவை அழைக்கும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் எதையும் கட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை அவசியம். ஏற்கெனவே சமனாக உள்ள பொதுமண்டப முற்றமோ பாவனையில் இல்லாத சீமெந்துத் தளமோ போதும். சிறு கல்லில் பட்டாலும் பலகையின் சில்லு நின்று பிள்ளை விழும். ஆகவே தினமும் கூட்ட வேண்டும். தலைக்கவசம் இன்றி ஓட்ட விடக்கூடாது. மழையில் நனைந்த பலகை பிரிந்து கெடும். பலகைக்குப் பணம் இல்லையேல் பந்தோடு தொடங்கலாம்.

இரண்டாவது, இலவசம். காசு வாங்காமல் இருப்பது மட்டும் இலவசம் ஆகாது. பன்சலைக்குப் போகும் பிள்ளையும், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காத்திருக்கும் லயத்துப் பிள்ளையும், பள்ளிவாசலுக்குப் போகும் பிள்ளையும் வந்து கூடும் இடம் அது. விளையாட்டைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற ஐயம் ஒருமுறை எழுந்தால் திடல் வெறுமையாகும். அயலவரோடு நல்லுறவும் போகும். ஆகவே போர்ட்லண்டின் முறையை இங்கு அப்படியே கொண்டுவர இயலாது. நம் பிள்ளைகளின் மறைக்கல்விக்கு வேறு நேரமும் இடமும் உண்டு. திடலில் நாம் தரும் சான்று, எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து அன்போடு நடத்துவதே.

மூன்றாவது, ஆள். தொன் பொஸ்கோ தம் முறையை அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றின் மேல் அமைத்தார். தவறியபின் தண்டிப்பதைவிட, தவறாதபடி பிள்ளைகள் நடுவே பெரியவர் ஒருவர் இருப்பதே மேல் என்றார். அயலவர் சத்தமென்று முறையிட்டால் பதில் சொல்லவும், பெண்பிள்ளைகள் அச்சமின்றி வரவும், விழுந்தவரைத் தூக்கவும் அவர் வேண்டும். குருவானவரோ ஆசிரியரோதான் என்றில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா, பால்வெட்டு முடித்த அண்ணன், வேலை ஓய்ந்த தாத்தா ஆகிய எவரும் முறை வைத்து இருக்கலாம். செக்கரியாவின் வீதியிலும் முதியோர் பிள்ளைகளின் அருகேதான் அமர்ந்திருந்தார்கள்.

எனவே சீமெந்துக்குப் பணம் சேர்க்குமுன் ஒரு தாளை எடுங்கள். கிழமையின் ஏழு நாட்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, அன்று மாலை திடலில் இருக்கப்போகிறவரின் பெயரை எழுதுங்கள். ஏழும் நிரம்பியபின் இடத்தைத் தேடுவோம்.